பழைய வண்டியும் பற்றுடையாரும்

பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்னும் வழக்கு உலகில் என்றும் முடிவுறாத வழக்கு. நம் காலனி வீடுகளிலேயே அது நாள்தோறும் நடைபெறுகின்றது. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவுக்கு ஈடில்லை என்பார் மூத்தவர். கைவலிக்குக் கிரைண்டரே மருந்து என்பார் இளையவர். இருதரப்பிலும் நியாயம் இருப்பதால் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே போகின்றது. இத்தகைய வழக்கில் பொருளைச் செய்யும் தொழிற்சாலை ஒரு பக்கமும் அதனை வாங்கியோர் மறுபக்கமும் நின்ற வரலாறு ஒன்று மோட்டார்த் தொழிலில் உண்டு. ஜெர்மனி நாட்டுப் போர்ஷே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியது அது. நம்முள் அவ்வண்டியை வாங்கக் கருதுவோர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. நம் சம்பளப் பட்டியலும் அதற்கு இடம் தராது. எனினும், ஒன்றில் எதைக் காக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்னும் வினாவுக்கு அவ்வரலாறு விடை தருவதால், அதனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்கென்று அமைந்த வண்டியன்று. தாழ்ந்த உடலும் குறைந்த எடையும் மிகுந்த விரைவும் கொண்டு, ஓட்டுவதன் இன்பத்துக்காகவே செய்யப்படுவது. பயனுக்காக வாங்கிய பொருள் பழுதுற்றால் மாற்றிவிடுகின்றோம். விருப்பத்துக்காக வாங்கிய பொருளை அவ்வளவு எளிதில் மாற்ற மனம் வருவதில்லை. இவ்வண்டிகளின் உரிமையாளரிடம் காணப்படும் பற்றுக்கு இதுவே முதற் காரணம் ஆகும்.

போர்ஷே என்னும் பெயர் தாங்கிய முதற் கார் 1948ஆம் ஆண்டில், ஆஸ்திரியா நாட்டின் குமுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தது. வோக்ஸ்வாகன் காரை வகுத்துப் புகழ்பெற்ற பெர்டினாண்டு போர்ஷேயின் மகன் பெர்ரி போர்ஷே அதனை உருவாக்கினார். 356 என்பது அதன் எண். போர் முடிந்த வறுமைக் காலம். ஆதலின் வோக்ஸ்வாகன் உறுப்புகள் பலவற்றைக் கொண்டே வண்டி அமைந்தது. 1950 முதல் ஸ்டுட்கார்ட் நகரில் உற்பத்தி நடந்தது. அங்குச் செய்த 356 வண்டிகளில் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருந்தது. அதனைக் குளிர்விக்க நீர் இல்லை. விசிறி ஒன்று காற்றை வீசிக் குளிர்வித்தது. ரேடியேட்டர் இல்லாமையால் பனிக்காலத்தில் நீர் உறையும் அச்சமும் கோடையில் கொதிக்கும் தொல்லையும் இல்லை. 1965 வரை இவ்வண்டி 75,000க்கு மேல் செய்யப்பட்டது.

இதற்கு வாரிசாக 1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் ஒரு புதிய கார் வைக்கப்பட்டது. பெர்ரியின் மூத்த மகன் பெர்டினாண்டு அலெக்சாண்டர் அதன் வடிவத்தை வகுத்தார். முதலில் 901 என்று பெயரிட்டனர். நடுவில் சுழியம் உள்ள மூன்றிலக்க எண்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் தடை கூறவே, 911 என்று மாற்றினர். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர், 2 லிட்டர் கொள்ளளவு, 130 குதிரைத்திறன். இது 356ஐ விட விரைவானது. விலையும் மிக உயர்ந்தது. பழைய 356 வைத்திருந்தோர் பலருக்கு அஃது எட்டாக் கனியாயிற்று. ஆதலின் நிறுவனம் 1965இல், புதிய உடலில் 356இன் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, 912 என்னும் பெயரில் குறைந்த விலைக்கு விற்றது. இன்று பழமையின் சின்னமாகப் போற்றப்படும் 911, அன்று பழைய வாடிக்கையாளர் தயங்கி நின்று நோக்கிய புதுமை என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

இவ்வண்டியிடம் ஒரு குறையும் இருந்தது. எடையின் பெரும்பகுதி பின்புறம் இருந்தமையால், வளைவில் விரைந்து செல்லும்போது அஞ்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து வண்டியின் வால் வெளியே வீசும். பழகாதவர் சுழன்று சாலையை விட்டு விலகுவர். பழகியவரோ வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, வளைவினுள் சீராக எஞ்சினைச் செலுத்தி, அந்தப் பின்னெடையையே துணையாகக் கொண்டு விரைந்து வெளியேறுவர். எளிதில் வயப்படாத வண்டியை ஒருவர் பல மாதம் முயன்று கற்றுக்கொண்டால், அந்தக் கல்வியும் அவருடைய உடைமையாகிவிடுகின்றது. வண்டியை மாற்றினால் அந்தக் கல்வியும் வீணாகும். பற்றுக்கு இஃது இரண்டாவது காரணம்.

1972இல் போர்ஷே குடும்பத்தினர் நிர்வாகப் பொறுப்புகளிலிருந்து விலகினர். எர்ன்ஸ்ட் பூர்மன் என்னும் பொறியாளர் தலைமை ஏற்றார். நிறுவனத்துக்கென்று 1950களில் ஒரு சிறந்த பந்தய எஞ்சினை ஆக்கித் தந்தவர் அவரே. எனவே அவர் பழமையை அறியாதவர் அல்லர். ஆயினும் காலம் மாறுவதை அவர் கண்டார். அமெரிக்காவில் புகைக்கும் ஓசைக்கும் கடுமையான சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. பின்புறம் எஞ்சின் உள்ள கார்கள் ஆபத்தானவை என்னும் கருத்தும் 1965 முதல் அங்குப் பரவியிருந்தது. 911க்கு எதிர்காலம் இல்லை என்று அவர் முடிவு செய்தார். அதன் இடத்தில் அமர்த்துவதற்காக 928 என்னும் காரை உருவாக்கச் செய்தார்.

1977இல் ஜெனீவாக் கண்காட்சியில் 928 தோன்றியது. நீரால் குளிரும் எட்டு சிலிண்டர் எஞ்சின் முன்புறம், கியர்ப்பெட்டி பின்புறம், எடை இருபுறமும் சமம். வால் வீசும் அச்சம் பெரிதும் நீங்கியது. ஓசை குறைவு; வசதி மிகுதி. 1978ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் பரிசு அதற்குக் கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அளந்து பார்க்கக்கூடிய பலவற்றில் புதியது பழையதை வென்றது.

ஆனால் வாடிக்கையாளர் மாறவில்லை. 928ஐப் புதியவர்கள் வாங்கினார்கள். 911 வைத்திருந்தோரோ மீண்டும் 911ஐயே கேட்டார்கள். நிறுத்தப்பட வேண்டிய வண்டி ஆண்டுக்கு ஆண்டு விற்றுக்கொண்டே இருந்தது. அப்பழைய உரிமையாளர் பலர் 928இல் பெருங்குறை கண்டார்கள் என்று கூற இயலாது. அதில் அவர்கள் தம் வண்டியைக் காணவில்லை, அவ்வளவே.

1981இன் தொடக்கத்தில் பீட்டர் ஷூட்ஸ் என்பவர் நிறுவனத்தின் தலைவரானார். பெர்லினில் பிறந்து, இளமையிலேயே நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் வளர்ந்து பொறியாளரானவர் அவர். ஊழியர் சோர்ந்திருப்பதையும், 911 நிறுத்தப்படப் போகின்றது என்னும் செய்தி அச்சோர்வுக்குக் காரணமாக இருப்பதையும் அவர் உணர்ந்தார். ஒருநாள் தலைமைப் பொறியாளர் ஹெல்முட் பாட்டின் அறைக்குச் சென்றபோது சுவரில் ஒரு வரைபடத்தைக் கண்டார். மற்ற வண்டிகளுக்குரிய கோடுகள் வருங்காலத்தை நோக்கி நீண்டிருந்தன. 911இன் கோடு மட்டும் 1981உடன் நின்றது. ஷூட்ஸ் எழுதுகோலை எடுத்து, அக்கோட்டைப் படத்தின் எல்லையையும் கடந்து சுவரின்மேல் நீட்டினாராம். இதனைப் பின்னாளில் அவரே பலமுறை கூறியுள்ளார். அடுத்த ஆண்டே 911இல் திறந்த கூரை வகை ஒன்று காட்சிக்கு வந்தது. வாரிசாக வந்த 928 சற்றேறக்குறைய 61,000 வண்டிகளோடு 1995இல் நின்றுபோயிற்று. ஓய்வு கொடுக்கப்படவிருந்த 911 தொடர்ந்து ஓடியது.

இத்துடன் வரலாற்றை முடித்தால், பழமைப் பற்றே என்றும் வெல்லும் என்று அன்பர்கள் கொள்ளக்கூடும். ஆனால் வரலாற்றுக்கு இரண்டாம் பகுதியும் உண்டு.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே பெரும் நெருக்கடியில் வீழ்ந்தது. 1986இல் ஏறத்தாழ 50,000 ஆக இருந்த ஆண்டு விற்பனை, சில ஆண்டுகளுக்குள் 20,000க்கும் கீழே இறங்கியது. காற்றால் குளிரும் எஞ்சினும் தன் எல்லையை எட்டியிருந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தால் திறன் கூடும், புகை குறையும். ஆனால் அத்தகைய சிலிண்டர் தலையைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது அரிது. வெண்டலின் வீடெகிங் என்பவரின் தலைமையில் நிறுவனம் துணிந்தது. 1997இல் நீரால் குளிரும் 911 வெளிவந்தது. செலவைக் குறைப்பதற்காக முன்பகுதியும் விளக்குகளும் விலை குறைந்த பாக்ஸ்டர் வண்டியோடு பொதுவாக அமைந்தன. 1998இல் காற்றால் குளிரும் கடைசி 911 தொழிற்சாலையை விட்டு வெளியேறியது.

பழைய உரிமையாளர் கொதித்தனர். எஞ்சினின் பழைய ஓசை போயிற்று என்றனர். புதிய விளக்கைப் பொரித்த முட்டை என்று எள்ளினர். இம்முறை நிறுவனம் எஞ்சினைப் பற்றிய முறையீட்டுக்கு இணங்கவில்லை. நீரால் குளிர்ந்த அந்த வகை மட்டும் 1,70,000க்கு மேல் விற்றது, நிறுவனமும் நிமிர்ந்தது. ஆனால் விளக்கைப் பற்றிய முறையீடு செவியில் விழுந்தது. 2004இல் வந்த அடுத்த வகையில் பழைய வட்ட விளக்கு மீண்டும் இடம்பெற்றது. 2017 மே மாதத்தில் பத்து லட்சமாவது 911 வெளிவந்தது. அதன் எஞ்சின் நீரால் குளிர்வது. இடமோ பெர்ரி போர்ஷே காலத்தில் இருந்த அதே பின்புறம்.

ஆக, பற்றுடையோர் முதல்முறை சரியாகக் கூறினர். இரண்டாம் முறை பாதி சரி, பாதி தவறு. வடிவமும், எஞ்சின் இருக்கும் இடமும், ஓட்டுவோனிடம் அது கோரும் பயிற்சியும் அவ்வண்டியின் இயல்பு. அவற்றை நீக்கினால் வேறொரு வண்டியே மிஞ்சும். காற்றோ நீரோ அந்த இயல்பைத் தாங்கி நிற்கும் கருவி. கருவியை மாற்றாமல் இயல்பைக் காக்க முடியாத காலமும் வரும். 928 இயல்பை மாற்றியது, ஆதலின் வாரிசாகவில்லை. 1997இன் வண்டி கருவியை மாற்றியது. வைதுகொண்டே உலகம் அதனை ஏற்றது. 2024இல் மின்மோட்டார் துணையோடு இயங்கும் 911உம் வந்துவிட்டது. வழக்கு மீண்டும் தொடங்கியுள்ளது.

பற்றிலும் இருவகை உண்டு. காற்றால் குளிரும் பழைய வண்டிகளின் விலை பின்னாளில் பன்மடங்கு ஏறியது. விலைக்காக வாங்கிக் கொட்டகையில் பூட்டிவைப்போர் உளர். கையில் மசி படியப் பழுதுபார்த்து, பிறருக்கும் கற்றுக்கொடுத்துச் சாலையில் ஓட்டுவோரும் உளர். முன்னவர் செய்வது முதலீடு. பின்னவரிடம் உள்ளதையே நாம் பற்று என்கின்றோம்.

நாம் பணிபுரியும் ரயில்வேயிலும் இதற்குச் சான்று உண்டு. அகலப்பாதையில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் 1995 டிசம்பரில் முடிவுற்றது. நீராவியோடு வாழ்ந்த ஓட்டுநர் வருந்தினர்; ஆனால் பயணிக்கு வேண்டியது ஊர் சேர்வது. நீலகிரி மலைப்பாதையிலோ நீராவியே அதன் இயல்பு. எனவே அதற்கெனத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிய நீராவி எஞ்சின்களே கட்டப்பட்டன. நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரிப்பனவும் அவற்றுள் உண்டு. எரிபொருள் மாறியது, மலை ஏறும் நீராவி வண்டி மாறவில்லை.

இவ்வளவும் கூறியபின் நம் சங்கத்தை எண்ணாமல் இருக்க இயலவில்லை. வடபுலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளின் தமிழில் குறைகாண்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவர்கள் செல்பேசியில் தமிழ் பயிலட்டும். இந்திச் சொல் இரண்டு கலந்து பேசட்டும். பொங்கலைக் குக்கரில் வைக்கட்டும். இவையெல்லாம் காற்றும் நீரும் போன்றவை. காலப்போக்கில் சில சொற்கள் மறைவதையும் சில சொற்கள் தோன்றுவதையும் நன்னூலாரே குற்றமென்று கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் தாயும் தந்தையும் பிள்ளையோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டால், அஃது எஞ்சினையே இடம் மாற்றியது போலாகும். ஆண்டுக்கொருமுறை விழா எடுத்து எஞ்சிய நாளெல்லாம் தமிழைப் பூட்டிவைப்பதும் பற்றாகாது. வண்டி நாள்தோறும் சாலையில் ஓட வேண்டும். ஓட்டக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் இடம் இருக்கின்றது. பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.