இலையின் அடியில் ஆரஞ்சுத் தூள்

1869-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதியில் வாழ்ந்த பாதிரியார் மைல்ஸ் ஜோசப் பெர்க்லிக்கு இலங்கையிலிருந்து காய்ந்த காபி இலைகள் சில வந்து சேர்ந்தன. அனுப்பியவர் பேராதனை தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் த்வெயிட்ஸ். பெர்க்லி நமக்குப் புதியவர் அல்ல. அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளை அழுகவைத்தது கெட்ட வானிலை அல்ல, ஒரு நுண்ணுயிர்தான் என்று 1846-லேயே அடித்துச் சொன்னாரே, அதே பெர்க்லிதான்.

அந்த இலைகளின் மேல்பக்கத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள் மட்டுமே இருந்தன. திருப்பினால், அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத் தூள். விரல் பட்டால் மகரந்தம்போல ஒட்டிக்கொள்ளும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. அதுவரை யாரும் பெயரிடாத பூஞ்சை அது. 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெர்க்லி அதற்குப் பெயர் வைத்தார். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு தோட்டக்கலை இதழில் அதை அறிவித்தார்.

இந்தப் பூஞ்சை உண்டாக்கும் இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்ணில் பட்டது மடுல்சீமைப் பக்கம். அங்கே தொடங்கியது சில ஆண்டுகளில் மலைநாடு முழுக்கப் பரவிவிட்டது. துருப் பிடித்த செடி உடனே பட்டுப்போவதில்லை என்பதுதான் பெரிய கேடு. இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், அதுவும் உதிரும். ஒவ்வொரு முறையும் செடியின் தெம்பு குறையும், காய்ப்பும் குறையும். இந்த மழைக்குப் பிறகு சரியாகிவிடும் என்று தோட்டத் துரைமார்கள் நம்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தில் காபி விலையும் ஏறியது. விளைச்சல் குறைந்தாலும் கையில் காசு புரண்டதால் திம்புள்ள, டிக்கோயா பக்கம் புதிய காடுகளை வெட்டி மேலும் காபி நட்டார்கள். நோய் வந்து பத்தாண்டு நெருங்கிய நிலையில் சாகுபடிப் பரப்பு இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது.

1880-ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இதை ஆராய வந்தார். அவருடைய முறை எளிமையானது. ஒட்டும் திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டார். காற்றில் வந்த வித்துகள் அவற்றில் படிந்தன. ஈரம் கிடைத்ததும் வித்து முளைத்து, இலையின் அடிப்பக்கத்திலுள்ள நுண்துளைகள் வழியே உள்ளே நுழைவதையும் அவர் காட்டினார். ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியேற்ற வழியில்லை. நுழையும் முன் தடுத்தால்தான் உண்டு. காற்றைத் தடுக்க இடையில் மரங்கள்கூட விடாமல் மலைமலையாக ஒரே பயிரை நட்டுவைத்ததுதான் பூஞ்சைக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது என்றும் சொன்னார். துரைமார்கள் எதிர்பார்த்தது மருந்து. வார்டிடம் இருந்தது உண்மை மட்டுமே. நோயைக் குணப்படுத்தத் தெரியாதவர் என்று அவரைக் குறைகூறியது பெரும் அநியாயம்.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1870-ல் பத்து லட்சம் அந்தர் காபி ஏற்றுமதி செய்த தீவு, இருபதே ஆண்டுகளில் ஒரு லட்சம் அந்தரைக்கூட எட்டமுடியாமல் திணறியது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி திவாலானது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் காபித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் அதன் கழுத்தை இறுக்கியது. வங்கியின் நோட்டுகள் செல்லாக் காசாகிவிடாமல் இருக்க ஆளுநர் ஆர்தர் கார்டன் அரசின் பொறுப்பில் உத்தரவாதம் தர வேண்டியதாயிற்று. மறு ஆண்டு முதல் இலங்கையில் அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது.

இந்தத் துருவால்தான் பிரிட்டன் காபியை விட்டுத் தேநீருக்கு மாறியது என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது சரியல்ல. பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தேநீர்ப் பிரியர்கள். பூஞ்சை உண்மையில் யாருடைய வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது என்று பார்க்க லண்டன்வரை போக வேண்டாம். திருச்சி, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளைப் பார்த்தால் போதும்.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர்கள் போய்வந்து கொண்டிருந்தவர்கள். கோப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். கங்காணியின் பின்னால் கூட்டமாகக் கிளம்பி, கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். காலராவும் காய்ச்சலும் வழிநெடுக ஆட்களைக் கொண்டுபோயின. உயிரோடு இருந்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் சேர்த்த கூலியோடு ஊர் திரும்பினார்கள்.

தேயிலை அப்படிப்பட்ட பயிர் அல்ல. 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த அந்தச் செடி, காபி விழுந்ததும் மலைகளைப் பிடித்துக்கொண்டது. (இடையில் பலர் சின்கோனா நட்டார்கள். எல்லோரும் நட்டதால் விலை படுத்துவிட்டது.) தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளியாக வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு ஆட்கள் தோட்டத்திலேயே இருந்தால்தான் கட்டுப்படியாகும். லயத்துக் காம்பராக்களில் ஒரு தலைமுறை பிறந்தது; பிறகு இன்னொரு தலைமுறை. கங்காணியிடம் பட்ட கடனும் அவர்களோடு வளர்ந்தது. ஊர் என்பது பெரியவர்கள் சொல்லும் கதையானது.

இப்படிக் குடியேறியவர்களின் பிள்ளைகளைத்தான் 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதி 1974-ல்தான் முடிவானது. இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்த இந்தப் பங்கீட்டில் அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) அதன் தொடர்ச்சிதான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வந்து இறங்கிய குடும்பங்களின் கைக்கு இங்கேயும் கொழுந்துதான் கிடைத்தது.

(தொடரும்)