பொமெரோல் கிராமமும் 1956 உறைபனியும்

ஒயின்னு சொன்னா பாட்டிலும் விலையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு அதுல குடிக்கிற சங்கதியைவிட வெள்ளாமை சங்கதிதான் பிடிக்கும். அப்படித் தேடிப் படிச்சதில் மனசுல நின்னது பிரான்ஸ் நாட்டுப் பொமெரோல் கிராமத்துக் கதை.

போர்தோ நகரத்துக்குக் கிழக்கே, லிபூர்ன் ஊரை ஒட்டி இருக்கு பொமெரோல். திராட்சை நிலம் மொத்தமே சுமார் 800 ஹெக்டேர், நம்ம கணக்குல 2,000 ஏக்கர். மாளிகை கட்டி வாழ்ந்த பெரிய தோட்டக்காரர்கள் எல்லாம் மெதோக் பக்கம். இங்கே பெரும்பாலும் சின்னக் குடியானவர்கள்தான். 1855-ல் போர்தோ தரகர்கள் ஒயின் தரப்பட்டியல் போட்டப்போ இந்த ஊர்த் தோட்டம் ஒண்ணைக்கூட சேர்க்கல. இன்னைக்கு வரைக்கும் பொமெரோலுக்குன்னு ஒரு தரப்பட்டியல் கிடையாது.

இங்கத்த ரகம் மெர்லோ. 1784-லேயே லிபூர்ன் பக்கத்து நல்ல ரகம்னு எழுதி வெச்சிருக்காங்க. சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். குளிர்ந்த களிமண்ணுல மத்த ரகம் பழுக்கத் தடுமாறும்போது இது பழுத்துடும். ஊர் மேட்டுல பெட்ரூஸ்னு ஒரு தோட்டம். அந்த மண்ணு நீலக் களி, ஸ்மெக்டைட் வகை. நம்ம கரிசலும் அதே குடும்பம்தான். ஈரம் பட்டா உப்பும், காஞ்சா வெடிக்கும், வெயில் காலத்துக்கும் கொஞ்சம் ஈரத்தை உள்ள பிடிச்சு வெச்சிருக்கும். கரிசக்காட்டுக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெட்ரூஸை வாங்கினது லிபூர்ன்ல ஹோட்டல் நடத்தின லூபா அம்மா. 1920-களிலிருந்து பங்கு பங்கா வாங்கி, 1945 வாக்கில் முழுசும் அவங்க கைக்கு வந்துச்சு. அப்போ அது சுமார் 17 ஏக்கர்தான்.

1956 ஜனவரி வழக்கத்துக்கு மாறா வெதுவெதுப்பா இருந்துச்சு. கொடிகள்ல சாறு ஏற ஆரம்பிச்ச நேரம். பிப்ரவரியில குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிடுச்சு. தூங்குற கொடியா இருந்தா ஓரளவு தாங்கியிருக்கும். விழிச்ச கொடி தாங்கல. பொமெரோல்ல தோட்டம் தோட்டமா பட்டுப்போச்சு.

பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா நடுங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. தப்பான யோசனைன்னு சொல்ல முடியாது, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். புதுக்கன்னு 3 வருஷத்துல காய்ச்சிடும். ஆனா ஆழமா வேர் விட்டு, நல்ல ஒயினுக்கான பழம் தர இன்னும் பல வருஷம் ஆகும். லூபா அம்மாவுக்கோ வயசான காலம். அவங்க பிடுங்க விடல. உயிர் இருந்த பழைய வேர்க்கட்டையை வெச்சுக்கிட்டு, அதுமேல புதுக்கொடி கொண்டு வந்தாங்க. பிரெஞ்சுல ரெசெபாஜ்னு பேர். புயல்ல முறிஞ்ச முருங்கையைத் தறிச்சு விட்டுட்டுத் துளிருக்குக் காத்திருக்கோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. என்ன, முருங்கை சீக்கிரம் பதில் சொல்லிடும். கொடியில எது பிழைக்கும், எது போகும்னு தெரியாமலே பலனில்லாத காலத்தைத் தள்ளணும். வருமானம் இல்லாம தோட்டத்துக்குச் செலவு பண்றது என்னன்னு நமக்குத் தெரியும்.

அவங்க 1961-ல் காலமானாங்க. அதே 1961-ம் வருஷத்துப் பெட்ரூஸ்தான் இன்னைக்கும் ஒயின்காரங்க பெருமையா பேசுற ஒண்ணு.

பக்கத்துத் தோட்டக்காரங்க மறுநடவு செஞ்சப்போ நிறைய பேர் மெர்லோவையே நட்டாங்க. பொமெரோல்னா மெர்லோன்னு ஆனதுல அந்த உறைபனிக்கும் பங்கு உண்டு.

செய்முறை பழசுதான். பெட்ரூஸ்ல கையால பறிக்கிறாங்க, அதுவும் மதியத்துக்கு மேல, பழத்துமேல இருக்கிற பனித்தண்ணி காஞ்ச பிறகு. சிமெண்ட் தொட்டியில நொதிக்க விட்டு, ஓக் மரப் பீப்பாயில ஏத்தி முதிர விடுறாங்க.

மெர்லோவுக்கு அப்பன் கேபர்னே ஃப்ராங். தாய் யாருன்னு 2009-லதான் மரபணு வெச்சு உறுதி பண்ணாங்க. யாரும் தோட்டமா பயிர் செய்யாத ஒரு பழைய ரகம். சாராந்த் பக்கம் சில வீடுகளோட வாசல்ல படர்ந்து கிடந்துச்சு. ஜூலை 22, மகதலா மரியாள் திருநாள் வாக்கில் பழுக்கிறதால, அந்த வீட்டுக்காரங்க அதை மதலேன் திராட்சைன்னு கூப்பிட்டாங்களாம்.