செனெகலின் ஊர்களும் நம் ஊர் நீலத்துணியும்

புதுச்சேரிக்காரர்களான நமக்குக் கடல் கடந்த ஊர் என்றால் முதலில் பாரீசு, அடுத்து சைகோன், அதற்கும் அடுத்து ரெயூனியோன். இந்த மூன்றில் ஒன்றுக்குப் போன குடும்பம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள செனெகல் இந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நம் பகுதி நெசவாளிகளும் சாயக்காரர்களும் உழைத்த உழைப்பில் பெரும்பங்கு அந்த நாட்டு ஆற்றங்கரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. எனவே செனெகலின் முக்கியமான ஊர்களைப் பற்றி, அவற்றின் குணம் பற்றி, இந்த முறை எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் சேன் லூயி. செனெகல் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சின்னத் தீவு. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. 1659இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். அவர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றியது 1674இல். ஆக, சேன் லூயி நமக்கு அக்கா முறை. படங்களைப் பார்த்தால் நம் ஊர் என்றே தோன்றும். நூல் பிடித்தாற்போல நேர்த் தெருக்கள், மஞ்சளும் காவியும் பூசிய சுவர்கள், மரத்தாலான மாடத் தாழ்வாரங்கள், நடுவே கவர்னர் மாளிகை.

அந்த ஊரின் வியாபாரம் பிசின். ஆற்றின் வடகரையில் பாலைவன ஓரத்தில் வளரும் ஒருவகை வேல மரத்திலிருந்து மூர் இனத்தார் பிசின் எடுத்துக் கொண்டுவருவார்கள். ஐரோப்பாவில் துணிக்கு அச்சடிக்க அந்தப் பிசின் தேவைப்பட்டது. அதற்கு விலையாக மூர்கள் கேட்டது வெள்ளியோ பொன்னோ அல்ல; நீலத்துணி. அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கி, கருநீலமாக மின்னும் பருத்தித் துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'கினே' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் துணி இங்கே, புதுச்சேரிப் பகுதியில், நெய்து சாயமேற்றிக் கப்பலேற்றப்பட்டது. செனெகல் ஆற்றங்கரையில் ஒரு கினே என்பது ஏறக்குறைய ஒரு நாணயம் மாதிரி. இத்தனை எடைப் பிசினுக்கு இத்தனை துணி என்றுதான் பேரம்.

ஐரோப்பாவில் அதே மாதிரித் துணியை மலிவாக நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். மூர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள், வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். நம் சாயத்தொட்டியின் வாசனை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துணியின் தரம், அளவு பற்றிப் பிரெஞ்சு அரசாங்கமே ஆணை போட வேண்டிவந்தது. 1820களின் கடைசியில் இங்கே சவானா ஆலை தொடங்கப்பட்டதற்கும் இந்தச் செனெகல் வியாபாரம் முக்கியமான காரணம். ஒரு பாலைவனத்து மனிதர் எந்தத் துணியை உடுத்த விரும்பினார் என்பது, வில்லியனூர்ப் பக்கத்துச் சாயக்காரர் வீட்டில் உலை கொதிக்குமா என்பதைத் தீர்மானித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பிசினுக்கு அடுத்து வந்தது மல்லாட்டை. அதை எண்ணெய் ஆட்டுவதற்காக மர்செய் நகரத்துக்கு அனுப்பிய ஊர்களில் செனெகலின் ருஃபிஸ்க்கும் உண்டு, நம் புதுச்சேரியும் உண்டு. இங்கே போட்டியாளர்கள்! ருஃபிஸ்க் மல்லாட்டையால் உயர்ந்தது. பக்கத்திலேயே டக்காரில் ஆழமான துறைமுகமும் ரயிலும் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. துறைமுகம் இழந்த ஊரின் அமைதி எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டக்கார் வயதில் சிறியது. 1857இல் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1885இல் சேன் லூயிக்கு ரயில் பாதை. 1902இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் தலைநகரம். பிறகு, 1950களின் கடைசியில், செனெகலின் தலைநகரம் என்ற பெயரும் சேன் லூயியிடமிருந்து டக்காருக்குப் போனது. அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும், ஒரு தலைமை அலுவலகம் இடம் மாறினால் டீக்கடையிலிருந்து டைப்பிஸ்ட் வரை எத்தனை பேர் பிழைப்பு மாறும் என்று. சேன் லூயிக்கு நடந்தது அதுதான். இன்று டக்கார் வட்டாரத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பேர். நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல்.

டக்காரின் குணத்தை அறிய 1914ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிளேக் வந்தது. நோயைக் காரணம் காட்டி, 'பிளாத்தோ' என்ற மேட்டுப் பகுதியில் குடியிருந்த ஆப்பிரிக்கர்களை வெளியேற்றி, 'மெதினா' என்ற புதுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மெதினாவை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். நகரம் வளர்ந்து அதைத் தாண்டிப் போய்விட்டது.

அதே 1914இல்தான் கோரே தீவில் பிறந்த பிளேஸ் தியாஞ், செனெகலின் பிரதிநிதியாகப் பாரீசு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மன்றத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன முதல் கறுப்பினத்தவர் அவர். 1848லேயே செனெகலுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஒரே சமயத்தில் பிரதிநிதி உரிமை கிடைத்தது. இடையில் பறித்தார்கள், பிறகு திருப்பித் தந்தார்கள். சேன் லூயி, கோரே, ருஃபிஸ்க், டக்கார் நான்கும் 'கொம்யூன்' அந்தஸ்து பெற்றவை. நமக்கு 1880இல் கொம்யூன்கள் வந்தன. இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறோம். இங்கே பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் தம் தனிச் சட்டத்தைத் துறந்து 'ரெனோன்சான்' ஆக வேண்டியிருந்தது. அங்கே, நான்கு கொம்யூன்காரர்கள் தம் இஸ்லாமியச் சட்டத்தை விடாமலே குடியுரிமை கேட்டு 1916இல் வாங்கினார்கள். ஒரே பேரரசு, இரண்டு விதி.

கோரேயைப் பற்றி இரண்டு வார்த்தை. டக்காரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் உள்ள குட்டித் தீவு. அங்கே 'அடிமைகள் இல்லம்' என்று ஒரு வீடு இருக்கிறது. 1776 வாக்கில் கட்டியது. மேலே எசமானர்கள் வாழ, கீழே இருட்டறைகள், கடலைப் பார்த்து ஒரு வாசல். அந்த வீட்டின் வழியாக எத்தனை பேர் போனார்கள் என்பதில் வரலாற்று அறிஞர்களிடையே பெரிய சர்ச்சை உண்டு. 1992இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அங்கே நின்று, கிறிஸ்தவர்கள் அதில் கொண்ட பங்குக்கு மன்னிப்புக் கேட்டார். எண்ணிக்கை எதுவானாலும் அந்த வாசலின் பொருள் குறையாது.

டக்காரை ஒட்டித் தியாருவா என்று ஒரு முகாம். நம் வீடுகளில் 'சொல்தா' பென்சன் வாங்கிய தாத்தாக்கள் இருந்ததால் இதை நாம் அறிய வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டு, ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து விடுதலையான ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் 1944 நவம்பரில் அங்கே வந்து இறங்கினார்கள். தங்களுக்குச் சேர வேண்டிய நிலுவைச் சம்பளத்தைக் கேட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி காலை அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. முதலில் 35 பேர் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. உண்மையில் பல மடங்கு என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் ஆயிற்று. 80 ஆண்டு. நிலுவைக்காக மனுப் போட்டுக் காத்திருந்த எந்த ஊழியருக்கும் இந்தச் செய்தி நெஞ்சில் தைக்கும்.

அடுத்தது தியெஸ். டக்காரிலிருந்து 70 கிலோமீட்டர். ரயில் பட்டறைகளின் ஊர், தொழிலாளர் ஊர். 1936 ஜூலை 30 அன்று இங்கே ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுடப்பட்டு இறந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். இரண்டே ஆண்டு கழித்து, 1938 செப்டம்பரில், தியெஸ் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கேயும் சுட்டார்கள். 6 பேர் இறந்தார்கள். அவர்கள் அடங்கிவிடவில்லை. 1947 அக்டோபர் 10 முதல் 1948 மார்ச் வரை, ஐந்து மாதத்துக்கு மேல் ரயில் ஓடவில்லை. வெள்ளையருக்கு ஒரு சம்பளப் பட்டியல், கறுப்பருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே பணித்தொகுதி வேண்டும் என்பதே கோரிக்கை. பெரும்பாலும் பெற்றார்கள். செம்பேன் உஸ்மான் அந்தப் போராட்டத்தை நாவலாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சு தெரிந்தவர்கள் தேடிப் படியுங்கள்.

தூபாவின் கதை முற்றிலும் வேறு. அந்த ஊரைப் பிரெஞ்சுக்காரர் கட்டவில்லை. 1880களின் கடைசியில் அமாது பம்பா என்ற சூஃபி ஞானி, ஒரு மரத்தடியில் கண்ட ஒளியை வைத்துத் தொடங்கியது. கலகம் செய்வார் என்று சந்தேகித்து, 1895இல் அவரைக் காபோன் நாட்டுக் காட்டுக்கு நாடு கடத்தினார்கள். அவர் கத்தி எடுக்கவில்லை. கவிதை எழுதினார், உழைப்பும் வழிபாடு என்று போதித்தார். அவர் நாடு கடத்தப்பட்ட நாளைத்தான் 'மகால்' என்ற பெருவிழாவாக லட்சக்கணக்கானவர்கள் கொண்டாடுகிறார்கள். தூபாவில் புகையிலை கிடையாது, மது கிடையாது. டக்காருக்கு அடுத்த பெரிய ஊர் இன்று அதுதான்.

தெற்கே ஸிகென்ஷோர். போர்ச்சுகீசியர் 1645இல் அமைத்து, 1886இல் பிரான்சுக்குக் கொடுத்தது. மழையும் நெல்லும் பனையும் உள்ள பூமி. ஆனால் நடுவே காம்பியா என்ற தனி நாடு குறுக்கிடுகிறது. காரைக்காலிலோ மாகேயிலோ இருந்துகொண்டு புதுச்சேரித் தலைமை அலுவலகத்தில் ஒரு காரியம் முடிக்கப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அந்த மக்களின் மனக்குறை புரியும். அங்கே அது 1982 முதல் பிரிவினைப் போராட்டமாகவே மாறிற்று. 2002 செப்டம்பர் 26 இரவு, ஸிகென்ஷோரிலிருந்து டக்கார் போன 'ஜூலா' கப்பல் கவிழ்ந்து 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கப்பலில் ஏற்றலாம் என்றிருந்தது 600 பேருக்கும் குறைவு.

சுதந்திர செனெகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர், கவிஞர். திராவிடருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பழைய உறவு உண்டு என்று நம்பியவர். 1974இல் சென்னைக்கு வந்து அது பற்றி உரையாற்றினார். அவருடைய ஆர்வத்தால் டக்கார் பல்கலைக்கழகத்தில் திராவிட ஆய்வுக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. ப. அறவாணன் அங்கே பணிபுரிந்தார். மொழியியலார் பலர் அந்த உறவை ஏற்பதில்லை. எனக்கோ, ரத்த உறவைத் தேடுவதற்கு முன்னால் அந்த நீலத்துணி உறவைத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. அதற்குக் கணக்குப் புத்தகச் சாட்சி இருக்கிறது.

கடைசியாக மறுபடி சேன் லூயி. 2003இல் ஆற்று வெள்ளம் ஊரை மூழ்கடிக்கும் என்று பயந்து, ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே இருந்த மணல்திட்டில் 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. ஆனால் அந்த வாய்க்கால் தானாக அகன்று கிலோமீட்டர் கணக்கில் வாய் பிளந்துவிட்டது. மீனவக் கிராமம் ஒன்று அழிந்தது. ஆற்றில் உப்பு ஏறியது. ஊரை ஒட்டிய கெத் இந்தார் குப்பத்திலோ கடல் அரிப்பில் வீடுகள் வரிசையாக விழுகின்றன. துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டிய பிறகு நம் கடற்கரை மணல் போன கதையையும், வடக்குக் குப்பங்களில் வீடு இழந்தவர்களையும் நாம் கண்ணால் பார்த்தோம். இரண்டு இடத்திலும் திட்டம் போட்டவர்கள் வேறு, வீட்டை இழந்தவர்கள் வேறு.

அவுரிச் சாயம் போட்ட குடும்பங்கள், செனெகலில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் உறவில் இருந்தால், அவர்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வியாபாரிகளின் கணக்கு ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. சாயக்காரர் சொன்னது நம் வீடுகளில்தான் இருக்க முடியும்.