டெபியன் வீட்டுச் சாவி

சில்லறை ரொக்க ஏடு படித்தது ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? ஐம்பது ரூபாய் ஸ்டாம்புக்கும் முதலாளி கையெழுத்து வேண்டும் என்றால் கடை ஓடாது. அதனால் காசாளரிடம் ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து, அதற்குள் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். இதே பாடத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மென்பொருள் திட்டத்துக்குப் பதினான்கு வருடம் ஆனது.

உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் லினக்ஸை 1993 ஆகஸ்டில் தொடங்கியவர் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர். இதற்கு முதலாளி கிடையாது, எல்லாரும் தன்னார்வலர்கள். முதலில் சேர்வது சுலபமாக இருந்தது. ஆட்கள் பெருகப் பெருகத் தரம் பற்றிய கவலை வந்தது. 1999இல் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

2000இல் கதவு திறந்தபோது வாசலில் பெரிய வரிசை முறை. ஏற்கனவே உள்ள ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். இன்னொருவர் நேரில் அடையாள அட்டை பார்த்து உங்கள் மின்சாவியில் கையொப்பமிட வேண்டும். பிறகு கொள்கைக் கேள்விகள், திறமைச் சோதனை, அறிக்கை, கடைசியாக ஒப்புதல். மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் காத்திருப்பு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? உள்ளே வந்தவர் எந்தப் பொதியையும் மாற்றி ஏற்றலாம். கொடுத்தால் முழு வீட்டுச் சாவி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

2007இல் ஆண்டனி டவுன்ஸ் ஒரு யோசனை சொன்னார். வாக்கெடுப்பில் அது ஜெயித்தது. 'டெபியன் பராமரிப்பாளர்' என்று புதிய நிலை ஒன்று வந்தது. சிபாரிசும் அடையாளச் சரிபார்ப்பும் உண்டு, நீண்ட தேர்வு இல்லை. ஆனால் அனுமதித்த பொதிகளை மட்டுமே ஏற்றலாம். ஒரு அறைக்கு மட்டும் சாவி! 2010இல் மொழிபெயர்ப்பு, ஆவணம் போன்ற வேலை செய்பவர்களும், பொதி ஏற்றும் உரிமை இல்லாமலே, முழு உறுப்பினராக வழி பிறந்தது.

விதியைத் தளர்த்தினால் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு சிறு மாற்றம் நடந்தது. செய்தவர் முழு உரிமை பெற்றவர், கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டெபியனில் உருவான ரகசியச் சாவிகளை எளிதில் ஊகிக்க முடிந்தது. 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. நீண்ட தேர்வு வைத்தும் தவறு நடந்தது. ஆளைச் சோதிப்பதோடு அவர் செய்யும் வேலையை இன்னொருவர் பார்ப்பதும் வேண்டும்.

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கஷ்டமான படி, நேரில் கையொப்பம் வாங்குவதுதான். கையொப்பமிடக்கூடிய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே! 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் மாநாடு நடந்தது. ரமணாசிரமம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் பயணம்தான். விதி எவ்வளவு எளிமையானாலும் ஆளைப் பார்க்கப் பாதை வேண்டும். இப்படிப்பட்ட கூட்டங்கள்தான் அந்தப் பாதை.