வெட்டும் கை யாருடையது? தோலடிக் கருவிகளின் அறநெறி வரலாறு

மனிதர்மீது நடத்தும் சோதனைகளுக்கு வரம்பு கட்டிய 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிமுறையில், ஐந்தாம் விதிக்கு ஒரு வால் உண்டு. சாவோ ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே கருத இடமிருந்தால் சோதனை கூடாது. ஆனால், சோதிக்கும் மருத்துவரே தம்மையும் அதற்கு உட்படுத்திக்கொண்டால் ஒருவேளை விலக்கு உண்டு. விரல் நுனியில் காந்தத்தையும் கையில் சில்லையும் பதித்துக்கொள்ளும் இன்றைய பயோஹேக்கர்கள் மருத்துவர்கள் அல்லர். என்றாலும், அவர்களுடைய 'என் உடல், என் முடிவு' என்ற வாதம் அந்த விலக்கின் நீட்சிதான். அந்த வாதம் ஒருவரை மட்டுமே கணக்கில் வைக்கிறது. வரலாற்றிலோ இரண்டாம் ஆள் ஒருவர் பெரும்பாலும் உடனிருக்கிறார்.

தற்சோதனையின் நாயகராகக் கொண்டாடப்படும் வெர்னர் ஃபோர்ஸ்மனையே எடுத்துக்கொள்வோம். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே மருத்துவமனையில் முழங்கைச் சிரை வழியே 65 செ.மீ. குழாயைத் தம் இதயம்வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956இல் நோபல் பரிசு பெற்றார். பூட்டியிருந்த கருவிகளை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் கெர்டா டிட்சன் என்ற செவிலி. சோதனை தம்மீதுதான் நடக்கப்போகிறது என்று நம்பி, மேசையில் கட்டுண்டு கிடந்தார் அவர். நோபல் கதையைச் சொல்பவர்கள் இந்த ஏமாற்றை வேடிக்கையாகவே சொல்லிக் கடக்கிறார்கள்.

சில்லின் கதை கலைக்கூடத்தில் தொடங்குகிறது. 1997 நவம்பர் 11 அன்று சாவோ பாவ்லோவில் எடுவார்டோ காட்ஸ் என்ற கலைஞர், விலங்குகளுக்கான அடையாளச் சில்லைத் தம் கணுக்காலில் ஏற்றிக்கொண்டு, செல்லப்பிராணிப் பதிவேட்டில் விலங்காகவும் அதன் உரிமையாளராகவும் தம்மையே பதிந்தார். அடுத்த ஆகஸ்டில் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக், ஒரு மருத்துவர் மரப்பு ஊசி போட்டுச் செய்த சிறு அறுவையின் மூலம், கண்ணாடிக் குப்பியில் அடைத்த சில்லைக் கையில் பதித்துக்கொண்டார். ஒன்பது நாளில் அதை அகற்றிவிட்டார்.

2004இல் 'வெரிசிப்' நிறுவனத்தின் சில்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. திசு ஒவ்வாமை, சில்லு இடம் நகர்தல், எம்.ஆர்.ஐ. கருவியோடு பொருந்தாமை எனச் சாத்தியமான ஆபத்துகளையும் அது குறிப்பிட்டது. பலரை அச்சுறுத்தியது உடல்நலக் கேடு அன்று, கட்டாயம். முதலாளி தொழிலாளிக்குச் சில்லு ஏற்றச் சொன்னால் என்ன செய்வது? 2006இல் விஸ்கான்சின் மாநிலம் கட்டாயப் பதிப்பைத் தடைசெய்தது. பதித்துக்கொள்பவரைப் பற்றி அல்ல, பதிக்கச் சொல்பவரைப் பற்றியே சட்டம் முதலில் பேசியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே ஆண்டுகளில் வேறொரு ஓட்டம் மருத்துவமனைக்கு வெளியே உருவானது. துளையிடும் கலைஞர் ஸ்டீவ் ஹவர்த்தும் அவருடைய கூட்டாளிகளும் விரல் நுனியில் சிறு நியோடிமியக் காந்தத்தை வைத்துத் தைத்தார்கள். மின்சாரம் ஓடும் கம்பி அருகே விரல் போனால் காந்தம் அதிரும். அந்த அதிர்வைத் தோல் உணரும். புதிய புலன் ஒன்று கிடைத்துவிட்டதாகப் பலர் பரவசப்பட்டார்கள். அந்தப் பரவசத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் நியோடிமியமும் இரும்பும் கலந்த அந்தக் காந்தம் உடலின் ஈரம் பட்டால் அரிக்கும் பொருள். அதைக் காத்து நின்றது மெல்லிய சிலிக்கோன் உறை ஒன்றே. பத்திரிகையாளர் குயின் நார்ட்டன் 2005இல் பதித்துக்கொண்ட காந்தத்தின் உறை சில மாதங்களில் கிழிந்தது. விரலில் தொற்று வந்தது. மருத்துவச் சாதனமாக இருந்திருந்தால் உறையை முதலில் ஆய்வகத்தில் சோதித்திருப்பார்கள். இங்கே விரலே ஆய்வகம் ஆயிற்று. மேலும், மரப்பு ஊசி போடத் துளையிடுவோருக்குப் பொதுவாக உரிமம் இல்லை. பனிக்கட்டியில் விரலை அமிழ்த்துவதே வழக்கமான மாற்று. சட்டத்துக்கு அஞ்சியதன் விலையை வாடிக்கையாளர் வலியாகச் செலுத்தினார்.

2010 டிசம்பரில் பெர்லின் ஹேக்கர் மாநாட்டில் பேசிய லெப்ட் அனானிம் என்ற புனைபெயர்க்காரர் இதன் எல்லைக்கே போனவர். வீட்டில், வோட்காவால் துடைத்த கருவிகளால் தம் கையையே அறுத்துக்கொண்டவர். இந்த வரலாற்றில் உண்மையாகவே தனியாள் என்று சொல்லத்தக்கவர் அவர் ஒருவரே. அவருக்கும் பிற்பாடு மருத்துவமனை தேவைப்பட்டது.

2013இல் 'கிரைண்ட்ஹவுஸ் வெட்வேர்' குழுவைச் சேர்ந்த டிம் கேனன், உடல் வெப்பத்தை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் 'சர்கேடியா' கருவியை ஜெர்மனியில் முன்கையில் பதித்துக்கொண்டார். தைத்தவர் மருத்துவர் அல்லர், ஹவர்த். மின்கலம் கோளாறானதால் மூன்று மாதமளவில் அகற்ற நேர்ந்தது. அதே ஆண்டு அமல் கிராஃப்ஸ்ட்ரா தொடங்கிய 'டேஞ்சரஸ் திங்ஸ்' நிறுவனம், ஊசியோடு சில்லை அஞ்சலில் விற்றது. மனித உடலில் பதிக்க எந்த ஒழுங்காணையமும் சான்றளிக்காத பொருள் என்ற எச்சரிக்கையும் அதனுடன் உண்டு. நேர்மையான அறிவிப்புதான். பொறுப்பு முழுவதையும் வாங்குபவர் தலையில் இறக்கிவைக்கும் அறிவிப்பும் அதுவே.

நீதிமன்றங்கள் இந்த இறக்கத்தை ஏற்கவில்லை. காது அகற்றல், நாக்குப் பிளத்தல் போன்றவற்றைச் செய்த வுல்வர்ஹாம்ப்டன் பச்சைகுத்துநர் வழக்கில், வாடிக்கையாளர் எழுத்தில் தந்த இசைவு தற்காப்பு ஆகாது என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பச்சையும் காதுகுத்தும் ஏற்கப்பட்டவை. மருத்துவக் காரணமில்லாத அறுவை அவற்றோடு சேராது என்றது. தீர்ப்பில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது: தேர்ந்த கையைத் தண்டித்தால், அடுத்தவர் தேராத கையைத் தேடிப் போவார் என்பதை அது எடைபோட்டதாகத் தெரியவில்லை.

மரபணு கருவிப்பெட்டிகள் வந்தபோது, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி கூர்மையடைந்தது. 2017 அக்டோபரில் பயோஹேக்கர் ஜோசையா ஸேனர், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவைக் குறிவைத்த, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கலவையைப் பார்வையாளர்முன் தம் கையில் ஏற்றிக்கொண்டார். பிறர் இதைப் பார்த்துக் காயப்படுவார்கள் என்று பின்னர் அவரே வருந்தினார். தாமே செலுத்திக்கொள்வதற்கான மரபணு சிகிச்சைப் பொருள்களை விற்பது சட்டவிரோதம் என்று அடுத்த மாதமே உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. 2019இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம், இத்தகைய பெட்டிகளைத் தாமே செலுத்திக்கொள்ளலாகாது என்ற அறிவிப்போடுதான் விற்க வேண்டும் என்று விற்பவரைக் கட்டுப்படுத்துகிறது. வாங்கிப்போய்த் தம் உடலில் ஏற்றிக்கொள்பவருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை.