களரித் தற்காப்பு நெறி

களரி, கேரளத்தின் தற்காப்புக் கலை; வடகளரி, தென்களரி ஆகியவை அதன் மரபுகள். திருவனந்தபுரம் மாவட்டமும் அதையொட்டிய கன்னியாகுமரியும் பழைய திருவிதாங்கூரின் பகுதிகள்; அடிமுறை என்னும் போர்முறையும் வர்மக்கலையும் சேர்ந்த தென்களரி தழைத்த நிலம். அகத்தியரே இதன் ஆதி ஆசான் என்பது மரபுவழி நம்பிக்கை.

வடகளரியில் மெய்ப்பயிற்சி, கம்பு, வாள் என வரிசையாகப் பயின்ற பிறகே வெறுங்கைப் போர் வரும். தென்களரியோ வெறுங்கையில்தான் தொடங்குகிறது. முதற்பாடம் சுவடு: தாக்குதல் வரும் திசையிலிருந்து விலகி நிற்கக் கால்களைப் பழக்குவது. எதிராளி மீது வைத்த பார்வை சிதறாமை, இடைவெளியைக் கணித்தல், பதற்றத்திலும் மூச்சைச் சீராக வைத்தல் ஆகியவை இதனோடு வளரும் மனப்பயிற்சிகள்.

அடக்கமும் பாடமே. உடலின் உயிர்நிலைப் புள்ளிகளான வர்மங்கள், படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108. உயிருக்கே ஆபத்தான இவற்றை, மாணவரின் குணத்தைப் பல ஆண்டுகள் கவனித்த பின்னரே ஆசான் கற்பிப்பார். அடிக்கும் முறையுடன், அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையும் சொல்லித் தரப்படும்.

தென்களரி தழைத்த இந்நிலத்தில் வடகளரியும் கற்பிக்கப்படுகிறது. திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டையில் உள்ள சி.வி.என். களரி, 1956-இல் கோவிந்தன்குட்டி நாயர் நிறுவியது; வடகளரி மரபைச் சேர்ந்தது. அமெரிக்க நாடக இயக்குநர் பிலிப் சாரில்லி 1976 முதல் அவரிடம் பயின்றார்.

இதே வடகளரி மரபில், ஏழு வயதில் களரியில் இறங்கிய வடகரை மீனாட்சியம்மா, 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.