மண்ணே இல்லாமல் அடுக்கடுக்காகக் கீரை: சிங்கப்பூர் போட்ட '30 பை 30' கணக்கு எங்கே இடித்தது?

சாப்பிடும் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் ஊர் சிங்கப்பூர். விவசாயத்துக்கு அங்கே ஒதுக்கியிருப்பது மொத்த நிலத்தில் சுமார் 1 சதவீதம்தான். அப்படிப்பட்ட ஊர், "2030-க்குள் எங்கள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை நாங்களே விளைவிப்போம்" என்று 2019-ல் அறிவித்தது. திட்டத்தின் பெயர் '30 பை 30'. அதில் காய்கறிப் பக்கம் பெரிதாக நம்பப்பட்டது, செடிகளை மண் இல்லாமல் மாடி மேல் மாடியாக வளர்க்கும் வெர்டிகல் ஹைட்ரோபோனிக்ஸ். 2025 நவம்பரில் அந்த இலக்கையே சிங்கப்பூர் அரசு மாற்றிவிட்டது.

அப்படின்னா இந்தத் தொழில்நுட்பம் தோத்துப்போச்சா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

ஹைட்ரோபோனிக்ஸ் அப்படின்னா என்ன?

செடிக்கு மண் எதுக்கு? வேர் பிடித்து நிற்க, தண்ணீர் கிடைக்க, சத்து கிடைக்க. இந்த மூன்றையும் வேறு வழியில் கொடுத்துவிட்டால் மண் தேவையில்லை. 1930-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி, சத்துக் கரைசலில் தக்காளி வளர்த்துக் காட்டி, இந்த முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் பரவலாக்கினார். கிரேக்க மொழியில் 'ஹைட்ரோ' என்றால் நீர், 'போனோஸ்' என்றால் உழைப்பு. அப்படியே தமிழில் சொன்னால் 'நீர் உழைப்பு'. 'மண்ணில்லா விவசாயம்' என்று நாம் சொல்வதைவிட இது அழகாகவே இருக்கிறது.

இன்று கீரைகளுக்கு அதிகம் பயன்படும் முறையில், லேசாகச் சாய்த்து வைத்த குழாய்களில் ஓட்டை போட்டு, சின்னக் கூடைகளில் நாற்றை வைக்கிறார்கள். குழாய்க்குள் நைட்ரஜன், பொட்டாசியம், கால்சியம், இரும்பு எல்லாம் கரைந்த தண்ணீர் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். வேர் குடித்தது போக மிச்சம் தொட்டிக்குத் திரும்பி, மறுபடி மேலே ஏறும். கரைசலின் பிஎச் அளவு 5.5-லிருந்து 6.5-க்குள் நிற்க வேண்டும். அது தாண்டினால் தண்ணீரில் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பம்பு நின்றுபோனாலோ, சில மணி நேரத்தில் செடி வாடிவிடும். மண்ணில் இருக்கும் ஈரச் சேமிப்பு இங்கே கிடையாது.

வேருக்குப் பிடிமானம் வேண்டுமே? அதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பொருட்களில் ஒன்று தென்னை நார்க்கழிவு. நம்ம பொள்ளாச்சியிலிருந்தும் இது ஏற்றுமதியாகிறது.

சிங்கப்பூர் ஏன் இதில் இறங்கியது?

காரணம் பயம்தான். அந்தப் பயம் நியாயமானதும்கூட. 2020-ல் கொரோனா எல்லைகளை மூடியது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியைத் தடுத்தது. சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்துதான். 'சிக்கன் ரைஸ்' கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுக் கதவு மூடினால் நம் வீட்டு அடுப்பு அணையும் என்ற நிலை.

அடுக்குப் பண்ணை அங்கே புதிதும் இல்லை. 2012-லேயே லிம் சூ காங் பகுதியில் 'ஸ்கை கிரீன்ஸ்' பண்ணை, 9 மீட்டர் உயரக் கோபுரங்களில் தட்டுகளைச் சுழலவிட்டு, எல்லாத் தட்டுக்கும் முறைவைத்து வெயில் கிடைக்கும்படி கீரை வளர்த்தது. 2019-ல் ஆங் மோ கியோவில் அடுக்குமாடி கார் பார்க்கிங் ஒன்றின் மொட்டைமாடியே பண்ணையானது. பிறகு இன்னும் சில பார்க்கிங் மாடிகளையும் அரசு பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

இந்த விவசாயத்தைப் பற்றிய விளம்பரங்களில் தண்ணீர் மிச்சமும் இட மிச்சமும் முதல் வரியிலேயே வந்துவிடும். அது பொய்யில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் லெட்யூஸ் கீரையை வைத்துப் போட்ட ஒப்பீடு ஒன்று 2015-ல் வெளியானது. வயலில் ஒரு கிலோவுக்கு சுமார் 250 லிட்டர் தண்ணீர், ஹைட்ரோபோனிக்ஸில் 20 லிட்டர். அதே இடத்தில் விளைச்சல் 11 மடங்கு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: எரிசக்தி 82 மடங்கு.

இத்தனைக்கும் அது வெயில் படும் பசுமைக்குடில். பெரும்பகுதி செலவு, குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும்தான். கட்டடத்துக்குள் பத்து அடுக்கு வைத்தால் வெயிலும் கிடையாது. இலவசமாக வந்த சூரியனுக்குப் பதில் ஒவ்வொரு தட்டுக்கும் மேலே எல்இடி விளக்கு வேண்டும். விளக்கு கக்கும் சூட்டை வெளியேற்ற ஏசி வேண்டும். செடி வெளிவிடும் ஈரத்தை உறிஞ்ச இன்னொரு இயந்திரம் வேண்டும். இப்படி வளரும் ஒரு கிலோ லெட்யூஸுக்கு 10 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போவது சாதாரணம். சிங்கப்பூரில் வீட்டு மின்கட்டணம் யூனிட்டுக்கு 30 காசு வாக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் வைத்தால் கிலோவுக்கு 3 வெள்ளி கரண்ட்டுக்கே. வாடகை, சம்பளம், விதை எல்லாம் தனி. எதிரில் போட்டிக்கு நிற்பது, ஜோகூர் பாலத்தைத் தாண்டி லாரியில் வரும் மலேசியக் கீரை. சந்தைக்குப் போகிறவர் எதை எடுப்பார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-ல் எரிவாயு விலை ஏறியபோது பண்ணைகளின் பில்லும் ஏறியது. 'பசுமை விவசாயம்' என்று சொல்லிக்கொண்டே எரிவாயுவை எரித்துக் கீரை வளர்ப்பதாகவும் ஆகிறது. தண்ணீரும் நிலமும் மிச்சம்தான், புகைக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

2024-ல் சிங்கப்பூர் சாப்பிட்ட காய்கறியில் உள்ளூர் விளைச்சல் சுமார் 3 சதவீதம்தான். முட்டையில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இந்த அடி அங்கே மட்டும் விழவில்லை. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023-லும், பிளென்டி 2025-லும் திவால் பாதுகாப்பு கேட்டன. பவரி ஃபார்மிங் 2024-ல் கடையையே மூடியது.

கீரை சரி, அரிசி?

வராது. அதாவது, விளையும், விலை கட்டாது. கீரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 30-40 நாளில் அறுவடை, வேர் தவிரக் கிட்டத்தட்ட முழுச் செடியும் விற்பனைக்கு. தானியம் அப்படியில்லை. காய்ந்த மணியில் சேரும் மாவுச்சத்து முழுக்க வெளிச்சத்திலிருந்து வர வேண்டும், வைக்கோலுக்கும் சேர்த்து விளக்கு எரிக்க வேண்டும். 10 அடுக்குப் பண்ணையில் கோதுமை போட்டால் ஒரு ஹெக்டேரில் உலக சராசரியைப் போல 220 முதல் 600 மடங்கு வரை விளைய வாய்ப்புண்டு என்று 2020-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. மின்செலவால் அது சந்தையில் போட்டி போட முடியாது என்றும் அதே ஆய்வு சொல்லிவிட்டது.

சிங்கப்பூரின் புதிய இலக்கு இந்த யதார்த்தத்தை ஒட்டியே இருக்கிறது. 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 சதவீதம், புரதத்தில் 30 சதவீதம். நார்ச்சத்தில் இலைக்காய்களோடு முளைப்பயறும் காளானும் சேர்த்தி. புரதம் என்றால் முட்டையும் கடல் உணவும். முளைப்பயறுக்கும் காளானுக்கும் எல்இடி வெயில் தேவையில்லை என்பதைக் கவனிக்கணும்.

சரி, நம்ம மொட்டைமாடியில் செய்யலாமா?

சின்ன அளவில் தாராளமாக. இங்கே வெயிலுக்குக் காசில்லை என்பதால் பெரிய செலவு போய்விடுகிறது. ஆனால் சிக்கல் தலைகீழாக வரும். கரைசல் 25 டிகிரியைத் தாண்டிச் சூடாக ஆக, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து வேரழுகல் எளிதாகப் பிடிக்கும். மே மாத மதியம் மாடி டேங்க் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்தானே. தொட்டியை நிழலில் வைத்து, வெளிச்சம் புகாமல் மூடி, மேலே நிழல்வலை கட்டி, கார்த்திகையிலிருந்து மாசிக்குள் புதினாவோ லெட்யூஸோ போட்டுப் பழகுவது நல்லது. கிட் விற்பவரிடம் "பம்புக்கு பேட்டரி பேக்கப் உண்டா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.